எது அவர் வாசித்த சத்தம்?

போன மாதம் நம் வாத்தியக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி போட்டிருந்தீர்கள். கிட்டார் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், விரல் வைக்கும் இடத்தைக் காட்ட விளக்கு எரியும் பட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டே வருகிறார்கள், விடலாமா, வேண்டாம் என்று சொல்லலாமா என்று. ஆளாளுக்கு ஒன்று சொன்னீர்கள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படங்களும் நிறைய வந்தன. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "பெரியவர் தூங்கிட்டாரு போல" என்று ஒருவர் கிண்டல் செய்ததையும் பார்த்தேன். தூங்கவில்லை ஐயா. எழுத ஆரம்பித்தால் தனசேகரைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியாது. அவனைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. திருத்தணியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். பிற்பாடு அந்தக் குழுவை நடத்தியவனும் நான்தான். விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கியதும் கிட்டாரை உறையில் போட்டேன். இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் எனக்கு இடம் பந்தியில்தான், மேடையில் இல்லை.

நான் கருவிகளுக்கு விரோதி என்று நினைத்துவிடாதீர்கள். சுருதி சேர்க்கும் கிளிப் டியூனர் முதன்முதலில் வந்தபோது, காது இருக்கிறவனுக்கு இது எதற்கு என்று சிரித்தவன்தான் நான். அப்புறம் ஒரு பெரிய முகூர்த்த நாள் வந்தது. எதிர் மண்டபத்தில் செண்டை மேளம், பக்கத்து மண்டபத்தில் இன்னொரு குழு, எங்கள் மண்டபத்தில் ஜெனரேட்டர். என் தந்தி என்ன சொல்கிறது என்று எனக்கே கேட்கவில்லை. கீபோர்டுக்காரரிடம் அந்தக் கிளிப்பைக் கெஞ்சி வாங்கித்தான் சுருதி சேர்த்தேன். அவர் கொடுத்தார், கூடவே கொஞ்சம் சிரிப்பையும் கொடுத்தார். அடுத்த வாரமே நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டவர் ஒரு தபலாக்காரர். பெயர் வேண்டாம், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முதல் சீசன் முழுக்க என் கிட்டாரை ஸ்பீக்கரில் சேர்க்க அவர் வயரே கொடுக்கவில்லை. கோட்டுப் போட்டு, தலையைப் படிய வாரி, எல்லோரோடும் மேடையில் நிற்பேன். விரல் ஓடும், சத்தம் வராது. "நீ வாசிக்கிறத அப்பறம் கேக்கலாம். மொதல்ல மத்தவங்க வாசிக்கிறத கேளு" என்பார். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வரி வந்தால் தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறார் என்பதையெல்லாம் அந்த சீசனில்தான் கவனித்தேன். எனக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை. வயர் இல்லை என்பது குழுவுக்கும் தெரியும், என் வீட்டுக்கும் தெரியும். என் தங்கை எனக்கு ஊமைக் கிட்டார் என்று பெயரே வைத்திருந்தாள்.

நம் ஊர்க் கச்சேரியைப் பற்றி உங்களுக்குப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மலைமேல் தாலி, மாலையில் கீழே மண்டபத்தில் ரிசப்ஷன். மாப்பிள்ளை அரக்கோணம் என்றால் பெண் ஆந்திரப் பக்கம் நகரியாகவோ புத்தூராகவோ இருக்கும். தமிழில் ஒன்று பாடினால் தெலுங்கில் ஒன்று பாடியாக வேண்டும், இல்லாவிட்டால் பெண் வீட்டுப் பெரியப்பா மேடைக்கே வந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் முன்னால் முருகன் பாட்டு. அதை ஆரம்பித்தால் முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது. கரண்ட் போனாலும் தபலாவையும் தொண்டையையும் வைத்து முடித்துவிடுவோம். அந்தப் பாட்டு பாதியில் நின்றால் பெண்ணைப் பெற்றவர்களின் முகத்தைப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். பாடுகிறவருக்கு ஒரு கை மைக்கில் இருக்கும், இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். பின்னால் இருக்கும் அந்தக் கைதான் நமக்கு எஜமான். விரல் மேலே காட்டினால் சுருதியை அரைக் கட்டை ஏற்று, கீழே காட்டினால் அரைக் கட்டை இறக்கு. பல்லவி முடிந்து இடையில் வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து மாறிவிடுவோம். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பாடுகிறவரின் தொண்டை மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

எங்கள் பாடகி வசந்தா. புத்தூரில் பிறந்து அரக்கோணத்தில் வாழ்க்கைப்பட்டவள். தொண்டையில் சதை வளர்ந்து ஆபரேஷன் ஆகி, பல மாதம் வீட்டில் சைகையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் பாடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒத்திகையில் தொண்டையைச் செலவழிக்கக் கூடாது, மேடையில் வலிக்க ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு அடிகூட ஏறக் கூடாது, ஏறினால் பாட்டை மறந்துவிட வேண்டியதுதான் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அதே சமயத்தில்தான் எங்கள் கிட்டார்க்காரர் சென்னையில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. யாரோ தனசேகரைப் பற்றிச் சொன்னார்கள்.

தனா திருவாலங்காட்டுக்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் கரும்பு நிலம். இவன் அரக்கோணத்தில் மிக்ஸி, ஃபேன் விற்கும் ஒரு கடையில் வேலை பார்த்தான். கிட்டார் ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கிறது, வாங்குகிற வசதி வந்தபோது நாற்பதை நெருங்கிவிட்டான். ஆசையாக ஒரு வகுப்பில் போய்ச் சேர்ந்தான். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல் இவனுக்கு. ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து அமுங்கும். பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். அதோடு வகுப்பை விட்டுவிட்டு விளக்குப் பட்டையை வாங்கிவிட்டான்.

பட்டையைக் கிட்டாரின் கழுத்தில் ஒட்டினால், விரலை வைக்க வேண்டிய இடத்தில் குட்டி விளக்குகள் எரியும். பாட்டு செல்போனில் இருக்கும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் அடுத்த கார்டுக்கு, அதாவது விரல்கள் சேர்ந்து அழுத்த வேண்டிய அடுத்த கூட்டுக்கு, விளக்கு மாறும். சரியாக அழுத்தினால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. இதை ஏன் வாங்கினாய், நல்ல வாத்தியாராகத் தேடியிருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

"அது சிரிக்காதுண்ணா" என்றான்.

உழைப்புக்குச் சோம்பி அவன் குறுக்கு வழியில் போனான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் காலையில் உட்கார்ந்துவிடுவான். விரல் நுனி வெடித்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வாசித்திருக்கிறான். ஆனால் அந்த நேரத்தில்தான் அவன் நைனா, அதாவது அப்பா, தூங்குவார். பம்பு செட்டுக்குக் கரண்ட் கொடுப்பது ராத்திரியில்தானே. அவர் விடிய விடியக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து அப்போதுதான் கட்டையைச் சாய்த்திருப்பார். அதனால் தனா இயர்போன் போட்டுக்கொள்வான். எலக்ட்ரிக் கிட்டார் அல்லவா, சத்தம் அவன் காதுக்குள் மட்டும்தான் போகும்.

"எலி பொறாண்டற மாதிரி ஒரு சத்தம்தாண்ணா எங்களுக்குக் கேக்கும்" என்று அவன் மனைவி செல்வி பின்னால் என்னிடம் சொன்னாள். "அவரு மட்டும் தலைய ஆட்டிகினு அப்படி சந்தோஷமா இருப்பாரு. இன்னாதான் கேக்குறாரோன்னு நெனச்சிக்குவேன்."

ஆக, தனா கிட்டார் வாசித்து அவன் வீட்டில் யாருமே கேட்டதில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான், நைனாவும் செல்வியும் ஒருநாள் கேட்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கக் கூப்பிட்ட அன்றைக்கு ஸ்பீக்கரில் வயரைச் சொருகி வாசிக்கச் சொன்னேன். ஒரு பிசிறு இல்லை. ஒத்திகையிலும் அப்படியே. வசந்தா ஒத்திகைக்கு வரக் கூடாது என்பதால் கீபோர்டுக்காரர்தான் பாட்டு வரிகளை முணுமுணுத்தார். எல்லாம் எழுதி வைத்த சுருதியிலேயே ஆரம்பித்து எழுதி வைத்த சுருதியிலேயே முடிந்தன. தனா பட்டை, பெடல், இயர்போன் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே வாசித்தான். பெரிய நகரத்துக் கச்சேரிகளில் எல்லோரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டுதானே நிற்கிறார்கள், நம் குழுவுக்கும் அந்த அந்தஸ்து வந்துவிட்டது என்று நான் உள்ளூரப் பெருமைப்பட்டேன். பின்னால் வசந்தா கை காட்டுவாள், பார்த்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன். "ஆங், பாத்துக்கறேண்ணா" என்றான். மனதாரத்தான் சொன்னான்.

கச்சேரி நாள். நைனா பக்கத்து நிலத்துக்காரரிடம் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, சலவை வேட்டியில் வந்திருந்தார். செல்வி பட்டுப்புடவையில், கையில் செல்போனோடு. இரண்டு பேரும் முன் வரிசையில், மாப்பிள்ளை வீட்டு நெருங்கிய சொந்தங்கள் உட்காரும் சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை. தனா மேடையிலிருந்து அவர்களைப் பார்த்து ஒரு தடவை சிரித்தான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டான்.

முருகன் பாட்டு ஆரம்பித்தது. வசந்தா பல்லவியை நன்றாகத்தான் பாடினாள். இரண்டாம் முறை மேலே போகும் இடத்தில் குரலில் ஒரு கரகரப்பு வந்தது. கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் இருந்த கை கீழே காட்டியது. இடை வாத்தியம் வந்ததும் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனைத் தட்டி அரைக் கட்டை இறங்கினார். நானும் இறங்கினேன். தனா இறங்கவில்லை.

அவன் தலை குனிந்தே இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான், வசந்தாவின் கை தெரியவில்லை. காதில் அவனுடைய கிட்டாரும், அதைத் தாண்டி டிரம்ஸின் அதிர்வும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன, வசந்தாவும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் வாசித்தது அத்தனையும் சரி. விளக்கெல்லாம் பச்சைதான். ஆனால் எங்களுக்கு மேலே அரைக் கட்டையில் தனியாக ஒரு பாட்டு போய்க்கொண்டிருந்தது. வெளியே கேட்டவர்களுக்குப் பல் கூசியிருக்கும்.

நீங்கள் கேட்கலாம், கீபோர்டுக்காரரும் பட்டனைத்தானே தட்டினார், அதுவும் கருவிதானே என்று. கருவிதான். ஆனால் வசந்தாவின் கையைப் பார்த்த பிறகு தட்டினார். எனக்குத் தெரிந்த வித்தியாசம் அது ஒன்றுதான்.

சரணம் எடுக்க வேண்டிய நேரம் நெருங்கியது. வசந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். எந்தச் சுருதியில் எடுப்பது என்று அவள் கண் கேட்டது. தனாவோடு மேலே போகலாம், அவள் தொண்டை போய்விடும். பாட்டை நிறுத்தலாம், மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கைகூப்பி நிற்கிறார்கள். நான் மேடையின் இந்த ஓரம், தனா அந்த ஓரம். நடுவில் டிரம்ஸ். எட்டிப் போய் அவனைத் தொட நேரமில்லை. எல்லோருடைய சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் இருந்தவரைப் பார்த்து, தனாவைக் காட்டி, நிறுத்து என்று கையால் வெட்டிக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார். கிட்டார் சத்தம் அந்த மண்டபத்திலிருந்து போய்விட்டது. வசந்தா இறங்கிய சுருதியில் சரணத்தை எடுத்தாள், மெல்லமாகவும் அழகாகவும் பாடி முடித்தாள்.

அதுவரை தனா வாசித்துக்கொண்டே இருந்தான். அவன் காதில்தான் அவன் கிட்டார் கேட்டுக்கொண்டிருக்கிறதே. கைதட்டல் வந்ததும் நிமிர்ந்து நைனாவைப் பார்த்தான். நைனா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். தனாவின் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மறைக்கக் கூடாது என்று முடிவு செய்து உடனே அவனிடம் போனேன். காதுக்குப் பக்கத்தில் குனிந்து நடந்ததைச் சொன்னேன். வசந்தாவுக்கு முடியவில்லை, இன்றைக்கு எல்லாப் பாட்டும் அரைக் கட்டை கீழேதான், இயர்போனைக் கழட்டு என்றேன்.

"போன்ல மாத்தணும்ணா. ஒவ்வொரு பாட்டா மாத்தணும்" என்றான். அவசரமாகப் போனைத் தட்டினான். அதற்குள் தொகுப்பாளர் அடுத்த பாட்டை அறிவித்துவிட்டார்.

"மாத்தாம வாசிக்க முடியாதா தனா? ஒரு கட்டம் கீழ எறங்குனா போதுமே."

அவன் விளக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எந்த வெரலு எங்க போவணும்னு அதுக்குத்தாண்ணா தெரியும்."

இத்தனை காலை உட்கார்ந்து விரல் வெடிக்க வாசித்த ஆள். வாசிக்கத் தெரியாதவன் இல்லை. ஆனால் தனக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. தப்பு வரும்போது காதால் கண்டுபிடித்து விரலால் திருத்துகிற வேலையை அவன் ஒருநாளும் செய்ய வேண்டி வந்ததில்லை. சிவப்பு விளக்கு அவனுக்காக அதைச் செய்துகொண்டிருந்தது.

"அண்ணா" என்றான், முன் வரிசையைப் பார்க்காமல். "சும்மா கைய மட்டும் ஆட்டிகினு ஒக்காந்து இருக்கட்டுமா? நைனா பாத்துகினு இருக்காரு."

சரி என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மேடையைவிட்டு இறங்கு என்று அந்த வேட்டிக்கும் பட்டுப்புடவைக்கும் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கச்சேரி முடியும்வரை அவன் தந்தியின் மேல் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். மிக்ஸரில் அவன் பக்கம் மூடியே இருந்தது. விளக்கையும் அணைத்துவிட்டிருந்தான்.

நடுவில் ஒரு தெலுங்குப் பாட்டு வந்தது. அதில் கீபோர்டில் கோயில் மணி அடிப்பதுபோல ஒரு துண்டு வரும். கீபோர்டுக்காரர் அன்றைக்கு அதை இழைத்துவிட்டார். நகரிக்காரர்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள்.

கச்சேரி முடிந்து நாங்களெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். செல்வியும் நைனாவும் எங்கள் வரிசைக்கே வந்து எதிரில் நின்றார்கள். செல்வியின் முகம் பூரித்திருந்தது. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அண்ணா, எல்லாம் ஒண்ணா சேந்து கேட்டதுல எனக்கு ஒண்ணும் பிரிச்சி தெரியல. எது அவரு வாசிச்ச சத்தம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் தனா சொல்லிவிட்டான்.

"அந்தத் தெலுங்குப் பாட்டுல நடுவுல மணி மாதிரி வந்துச்சில்ல, அது."

"ஆங்!" என்றார் நைனா. "நானும் அதத்தான் நெனச்சேன். எல்லாரும் எழுந்து விசில் அடிச்சாங்களே! நம்ம தனாதான்னு பக்கத்துல இருந்தவருக்கு அப்பவே சொல்லிட்டேன்."

கீபோர்டுக்காரர் தனாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நைனாவைப் பார்த்து, "ஆமாங்க, பிரமாதமா வாசிச்சாரு" என்று சொல்லிவிட்டு சாம்பார் கேட்டார். நல்ல மனுஷன். அவரை நினைத்தால் இன்றைக்கும் கும்பிடத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு தனா குழுவுக்கு வரவில்லை. போன் செய்தால் கடையில் ஆள் இல்லை என்பான், கரும்பு வெட்டு என்பான். குரலில் கோபம் இருக்காது. நாங்கள் கிடைத்த ஆட்களை வைத்து ஓட்டினோம். வசந்தா இன்றைக்கும் பாடுகிறாள், அரைக் கட்டை கீழேயே. அன்றைக்கு நான் அவன் சத்தத்தை வெட்டச் சொன்னது சரிதான் என்று அவளும் சொல்வாள், மிக்ஸர்காரரும் சொல்வார், நானும் சொல்வேன். நாளைக்கு உங்களுக்கு அப்படி ஒரு நிலை வந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் சரியாகச் செய்துவிட்டோம் என்பதால் மனசு ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஆறவில்லை.

பட்டையை விடலாமா என்ற உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வரட்டும், கொண்டு வரட்டும். விரல் வைக்கும் இடம் பிடிபடும்வரை அந்த விளக்கு உதவும். ஆனால் கார்டு நாலு தெரிந்ததும் இயர்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். நன்றாகப் பாடாதவராக இருந்தால் இன்னும் நல்லது, சுருதி விட்டு அலைவார், இவனும் காதைத் தீட்டிக்கொண்டு பின்னால் அலைந்தாக வேண்டும். தப்பு வாசிப்பான். வாசிக்கட்டும், நாலு பேர் காதில் விழட்டும். வீட்டில் உள்ளவர்கள் காதிலும் விழட்டும், திட்டட்டும். இன்னொன்று, வகுப்புக்கு நாற்பது வயதில் காய்த்த விரலோடு ஒருவர் வந்தால், உங்கள் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தனாவை விளக்கிடம் அனுப்பியது அந்தச் சிரிப்புதான். நம் தொழில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தால் இதெல்லாம் நடந்தே இருக்காது என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

இந்தப் பொங்கல் கழிந்து திருவாலங்காட்டில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். வந்தது வந்தோம் என்று தனா வீட்டுக்குப் போனேன். அவனுக்கு அன்றைக்கு விடுமுறை. "வாங்கண்ணா, வாங்கண்ணா" என்று அப்படி ஒரு வரவேற்பு. செல்வி காபி கொடுத்தாள். கிட்டார் சுவரில் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். கழுத்தில் பட்டை இல்லை, ஒட்டியிருந்த இடத்தில் பசை அழுக்கு மட்டும் இருந்தது.

"வாசிக்கிறதுண்டா?" என்று கேட்டேன்.

"தெனமும்ணா."

சும்மா சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு பாட்டை முனகினேன். அவன் கிட்டாரை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். நடுவில் வேண்டுமென்றே, ஜாடை ஒன்றும் காட்டாமல், அரைக் கட்டை இறங்கினேன். ஒரு நொடி தடுமாறினான், கூட இறங்கிவிட்டான். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கிட்டாரின் பக்கம் கண்ணே போகவில்லை. எனக்குப் பாட்டு அதோடு நின்றுவிட்டது. நாங்கள் சீசன் சீசனாகத் தேடிக்கொண்டிருந்த கிட்டார்க்காரன் இங்கே ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தான்.

சத்தம் கேட்டு நைனா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். முன்னைவிட மெலிந்திருந்தார், ஆனாலும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க வாங்க. டேய் தனா, அன்னிக்கி வாசிச்சியே அந்த மணி சத்தம், அத வாசிச்சி காட்டுனியா இவருக்கு?"

தனா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தான். அந்தத் தெலுங்குப் பாட்டின் கீபோர்டுத் துண்டு. கிட்டாருக்காக அதை யாரும் எழுதி வைத்ததில்லை, எந்தப் பட்டையும் அதற்கு விளக்குக் காட்டாது. செல்வி செல்போனில் எடுத்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு ஸ்வரமாகத் தந்தியில் பிடித்திருக்கிறான். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நைனா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா அன்னிக்கி மாதிரி வரலடா. அன்னிக்கி அப்படியே கோயில் மணி."

"அன்னிக்கி மாதிரி வராது நைனா" என்றான் தனா.

அவர் முகம் கழுவப் பின்பக்கம் போனார். நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். குழுவில் இன்றைக்கும் நல்ல ஆள் இல்லை, நான் சொன்னால் நாளைக்கே கூப்பிடுவார்கள், வா தனா என்றேன்.

"நான் வந்தா நைனாவும் வருவாருண்ணா. மொத வரிசையிலதான் ஒக்காருவாரு. கீபோர்டுக்காரரும் வாசிச்சிகினு இருப்பாரு. அந்த மணி சத்தம் எங்கருந்து வருதுன்னு நைனாவுக்குத் தெரிஞ்சிடுமே."

கிளம்பினேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்.

"அடுத்த கச்சேரி எப்பங்க?" என்று கேட்டார். "ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி அனுப்புங்க. தண்ணி பாய்ச்ச ஆள் பாக்கணும்."

"சொல்றேங்க" என்றேன்.